பிட் நோட்டீஸ், வாட்ஸ்அப், ஆர்ப்பாட்டம்: எந்த வரி எந்த செக்‌ஷனில் மாட்டும்?

#1 மலட்டாறு

பேரணாம்பட்டு பக்கம் ஒரு ஊருக்காகக் கேட்கிறேன். கிணற்றுத் தண்ணீர் உப்பேறி நுரை கட்டுகிறது. பக்கத்திலேயே ஒரு தோல் தொழிற்சாலை. 1000 பிட் நோட்டீஸ் அடிப்பது, வாட்ஸ்அப்பில் வீடியோ விடுவது, சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் முன்னால் ஆர்ப்பாட்டம் நடத்துவது என்று பேச்சு நடக்கிறது. பையன்கள் எழுதிய வாசகம் இது:

“நம் குழந்தைகளுக்கு விஷம் கொடுக்கும் கம்பெனி முதலாளி ஒரு கொலைகாரன். பணம் வாங்கிக்கொண்டு அதிகாரிகள் வாயை மூடிக்கொண்டார்கள். இந்த மதத்துக்காரன் நம் ஊரையே அழிக்கிறான். இந்தத் தண்ணீரைக் குடித்தால் ஆறே மாதத்தில் சாவு. எல்லோருக்கும் பகிருங்கள்.”

கம்பெனி பெயர், மதத்தின் பெயர் எல்லாம் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள், இங்கே நான் எடுத்துவிட்டேன். எதை வைக்கலாம், எதை எடுக்கணும்? பேச்சுரிமை இருக்கிறதே, எதுக்குப் பயப்படணும் என்கிறார்கள்.

#2 சத்துவாச்சாரி வக்கீல்

பேச்சுரிமை இருக்கிறது. அரசியல் சட்டம் 19(1)(அ). அதற்குக் கட்டுப்பாடு போட 19(2) எட்டே காரணங்களைத்தான் சொல்கிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். அதிகாரிக்குக் கோபம் வருவது இந்த எட்டில் இல்லை. ‘பொது ஒழுங்கு’ என்ற சொல் உள்ளே வந்ததற்கே நம் மாகாண வழக்குதான் காரணம். ‘கிராஸ் ரோட்ஸ்’ பத்திரிகையை அன்றைய சென்னை அரசு தடுத்தது செல்லாது என்று 1950இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு வருஷமே முதல் திருத்தம் கொண்டுவந்து அந்தச் சொல்லைச் சேர்த்தார்கள். கூடவே ‘நியாயமான’ என்ற சொல்லும் வந்தது. கட்டுப்பாடு நியாயமானதா என்று கோர்ட் பார்க்கிறது என்றால் அந்த ஒரு சொல்லால்தான்.

இனி உங்கள் வாசகம்.

‘விஷம் கொடுக்கும்’, ‘கொலைகாரன்’: அவதூறு. பி.என்.எஸ் (புதிய தண்டனைச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா) பிரிவு 356, பழைய இ.பி.கோ.வில் 499, 500. இரண்டு வருஷம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது சமூக சேவை. தனி ஆளுக்கு மட்டுமல்ல, கம்பெனிக்கும் மானம் உண்டு என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. ‘உண்மையைத்தான் சொன்னேன்’ என்பது மட்டும் கிரிமினல் அவதூறில் போதாது. உண்மையாகவும் இருக்கணும், பொது நன்மைக்காகவும் இருக்கணும். ‘கொலைகாரன்’ என்பதை எந்த ரிப்போர்ட்டை வைத்து நிரூபிப்பீர்கள்?

‘பணம் வாங்கிய அதிகாரிகள்’: அதே 356. அதிகாரியின் உத்தியோகச் செயலை விமர்சிக்க இடம் நிறைய இருக்கிறது. நக்கீரன் கோபால் தொடர்ந்த 1994 வழக்கில், அரசும் உள்ளாட்சியும் நஷ்டஈடு கேட்டு அவதூறு வழக்குப் போட முடியாது, உண்மையா பொய்யா என்று கொஞ்சமும் பாராமல் எழுதினால் ஒழிய அதிகாரியாலும் முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது சிவில் பக்கம். லஞ்சம் என்று எழுதினால் கிரிமினல் பக்கம் கதவு திறக்கும். “இந்தத் தேதியில் மனு கொடுத்தோம், இத்தனை நாளாகப் பதில் இல்லை” என்று எழுதுங்கள். அதை யாராலும் மறுக்க முடியாது, படிக்கிறவருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

‘ஆறு மாதத்தில் சாவு’: பிரிவு 353, பழைய 505. மக்களிடம் அச்சம் உண்டாக்கும் பொய்த் தகவல். உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, நல்லெண்ணத்தோடு சொன்னால் விதிவிலக்கு உண்டு. ஆறு மாதக் கணக்கு எந்த டாக்டர் சொன்னது?

மதத்தைச் சொல்லும் வரியை இப்போதே கிழித்துப் போடுங்கள். பிரிவு 196, பழைய 153ஏ. மூன்று வருஷம், ஜாமீனில் விட முடியாத குற்றம், போலீஸ் தானே எஃப்.ஐ.ஆர் போடலாம். சட்டத்தை விடுங்கள், தண்ணீர் பிரச்சினை அந்த ஒரு வரியில் செத்துப்போகும். அடுத்த நாளிலிருந்து ஊரில் யாரும் கிணற்றைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

#3 அச்சுக்கூடம்

பிரஸ் பக்கம் இருந்து ஒண்ணு சொல்றேன். அவதூறுன்னு தெரிஞ்சே அச்சடிச்சா அடிச்சவருக்கும் 356(3) இருக்கு, அதே ரெண்டு வருஷம். பிரஸ்காரர் வாசகத்தைப் பார்த்துட்டுத் தயங்குறாருன்னா அதுதான் காரணம், கோழைன்னு நினைக்காதீங்க.

பிட் நோட்டீஸ் அடிக்கவோ கையில குடுக்கவோ யார்கிட்டயும் முன் அனுமதி வேண்டாம். ஆனா கீழே வெளியிடுறவர் பேரு, ஊரு, அச்சக பேரு போடாம அடிக்காதீங்க. 1867 அச்சுச் சட்டம் போயிடுச்சு, 2024 மார்ச் 1லேர்ந்து புதுச் சட்டம், அது பத்திரிகைங்களுக்குத்தான். இருந்தாலும் பேர் இல்லாத நோட்டீஸ்னா ஸ்டேஷன்ல மொதல் சந்தேகமே அதுலதான் ஆரம்பிக்கும். பேர் போட்டுக் குடுத்தா “பொது நன்மைக்காக, நல்லெண்ணத்தோட”ன்னு நாளைக்கு கோர்ட்ல சொல்றதுக்கும் பலம்.

தேர்தல் நேரம்னா கதை வேற. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ. வேட்பாளருக்கு ஆதரவாவோ எதிராவோ போற நோட்டீஸ், போஸ்டர்ல அச்சடிச்சவர், வெளியிடுறவர் ரெண்டு பேர் பேரும் விலாசமும் இருந்தே ஆகணும். வெளியிடுறவர் ரெண்டு பிரதியில உறுதிமொழி எழுதி, அவரைத் தெரிஞ்ச ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். பிரஸ்காரர் உறுதிமொழியோட ஒரு நகலையும் நோட்டீஸ்ல ஒரு காப்பியையும் மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பணும். தவறினா ஆறு மாசம், இல்ல 2000 ரூபா, இல்ல ரெண்டும்.

வால்போஸ்டர்னா சுவர்க்காரர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க. பாலம், அரசுக் கட்டடம் பக்கமே போகாதீங்க, சுவரை அலங்கோலப்படுத்துறதுன்னு 1959 சட்டத்துல கேஸ் வரும்.

#4 மலட்டாறு

நன்றிங்க. மத வரியை எடுத்தாச்சு, பையன்களும் ஒத்துக்கிட்டாங்க. ஊர் குரூப்பில் 400 பேர் இருக்கிறார்கள். யாராவது ஏடாகூடமாகப் போட்டால் அட்மின் மாட்டுவாரா? ஃபார்வேர்டு செய்தவர், லைக் போட்டவர்?

#5 காட்பாடி தமிழ்

அட்மின் என்ற காரணத்துக்காக மட்டும் மாட்ட முடியாது. 2021 டிசம்பரில் கரூர் வக்கீல்கள் குரூப் வழக்கில் மதுரைக் கிளை சொன்னது: அவர் வெறும் அட்மின்தான், வேறு பங்கு இல்லை என்றால் குற்றப் பத்திரிகையில் பெயரை நீக்கணும். பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்களும் இதே வழிதான். பேசி வைத்துக்கொண்டு செய்தால் மட்டும் பொறுப்பு. இருந்தாலும் மோசமான பதிவு வந்தால் “இதை ஏற்கவில்லை” என்று அட்மின் அங்கேயே எழுதிவிட்டு எடுப்பது நல்லது.

ஃபார்வேர்டு வேறு. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி எஸ்.வி. சேகர் 2018இல் பகிர்ந்த பதிவு வழக்கில், ஒரு செய்தியை அனுப்புவது அதை ஒப்புக்கொண்டு ஆதரிப்பதற்குச் சமம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன், அப்புறம் அழித்துவிட்டேன் என்பதெல்லாம் எடுபடவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றமும் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. லைக் விஷயத்தில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆவது பிரிவின்படி (இணையத்தில் ஆபாசம் வெளியிடுவது) லைக் போடுவது வெளியிடுவதோ அனுப்புவதோ ஆகாது என்று 2025இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது வேறு மாநிலத் தீர்ப்பு, இங்கே எடுத்துக்காட்டத்தான் முடியும், கட்டுப்படுத்தாது.

#6 ஸ்டேஷன் ரைட்டர் (ஓய்வு)

கம்பெனி தரப்பு ஸ்டேஷனுக்குப் போனா என்ன நடக்கும்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல சி.எஸ்.ஆர். மனு வாங்கினதுக்கு ரசீது. அது எஃப்.ஐ.ஆர் இல்ல. “விசாரணைக்கு வாங்க”ன்னு போன் வரும். அவதூறு மட்டும்னா போலீசுக்கு அதுல வேலையே இல்ல, அது நேரா மாஜிஸ்திரேட்கிட்ட போற பிரைவேட் கம்ப்ளைண்ட். அதனாலதான் புகார்ல கூடவே 296(பி), 351 சேர்ப்பாங்க, ஆபாசமாத் திட்டினான், மிரட்டினான்னு. ஊர்ல எல்லாருக்கும் பழக்கமான பழைய 294(பி), 506. இதுக்கு இடம் குடுக்காத மாதிரி நோட்டீஸ்லயும் வீடியோவுலயும் ஒரு கெட்ட வார்த்தை, ஒரு “பாத்துக்கறோம்” கூட இருக்கக் கூடாது.

196, 299 (மத உணர்வைப் புண்படுத்துறது), 353 மூணுமே மூணு வருஷக் குற்றம். மூணு வருஷத்துலேர்ந்து ஏழுக்குள்ள தண்டனை இருக்கிற குற்றத்துக்கு, பி.என்.எஸ்.எஸ் (புது குற்ற நடைமுறைச் சட்டம்) 173(3) பிரகாரம் டி.எஸ்.பி. அனுமதியோட 14 நாள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம். பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட புகார்ல அதை நடத்துறதுதான் முறைன்னு இம்ரான் பிரதாப்கடி வழக்குல 2025 மார்ச் 28 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அந்த வார்த்தை ஆடிப்போற ஆளுக்கு எப்படிப் படும்னு பாக்கக் கூடாது, நிதானமும் திடமனசும் உள்ளவனுக்கு எப்படிப் படும்னு பாக்கணும்னும் இருக்கு. இந்தத் தீர்ப்பு நகலைக் கையில வெச்சுக்கிட்டு எழுத்து மூலமா டி.எஸ்.பி.க்கு மனு குடுங்க.

எஃப்.ஐ.ஆர் போட்டாலும் ஏழு வருஷத்துக்குள்ள உள்ள குற்றத்துக்கு எடுத்ததும் கைது கிடையாது. விசாரணைக்கு வரச் சொல்லி பி.என்.எஸ்.எஸ் 35(3) நோட்டீஸ் தரணும், பழைய 41ஏ. வாட்ஸ்அப்ல அனுப்பினா அது நோட்டீஸே இல்லைன்னு 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. நேர்ல வந்துச்சுன்னா கட்டாயம் போங்க. போகாம விட்டா அதையே காரணமா வெச்சுக் கைது பண்ணலாம்.

போன் கேட்டா மகஜர் (கைப்பற்றினதை எழுதிக் கையெழுத்து வாங்குற பத்திரம்) நகல் இல்லாம குடுக்காதீங்க. ஐ.எம்.இ.ஐ. நம்பர், மாடல், சிம் விவரம் அதுல இருக்கணும். கைப்பற்றுறதை வீடியோ எடுக்கணும்னு பி.என்.எஸ்.எஸ் 105ல இருக்கு.

#7 கணியம்பாடி

ஐயா சொல்வதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆன்லைன் பதிவுகளைத் தண்டித்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் முழுசாக ரத்து செய்தார்கள். அப்புறமும் நாடு முழுக்க அதில் வழக்குப் பதிந்துகொண்டே இருந்தார்கள். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தடவை உத்தரவு போட வேண்டி வந்தது. செத்த பிரிவுக்கே இந்த நிலைமை. குண்டர் சட்டத்தில் 2014 திருத்தத்துக்குப் பிறகு சைபர் குற்றவாளியும் வருகிறார். எஃப்.ஐ.ஆருக்கு முன்ஜாமீன் இருக்கிறது, அதுக்கு என்ன இருக்கிறது? இந்த மக்களைத் தைரியமாகப் போங்கள் என்று அனுப்புவது சரியா?

#8 சத்துவாச்சாரி வக்கீல்

நியாயமான கேள்வி. குண்டர் சட்டத் தடுப்புக் காவலில் கலெக்டர் கையெழுத்துப் போட்டால் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் குழுமத்துக்குப் போகணும், அவர்கள் ஏழு வாரத்துக்குள் கருத்துச் சொல்லணும். குடும்பத்தார் தாமதிக்காமல் ஒரு மனு அரசுக்கு அனுப்பி, கையோடு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடணும். மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், தமிழ் மொழிபெயர்ப்பு தராதது, படிக்க முடியாத நகல்: ஆணைகள் உடைவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான். அதனால் கொடுக்கும் ஆவணக் கட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் அன்றைக்கே பார்த்து, எது தெளிவில்லை என்று எழுதி வையுங்கள்.

கிணற்றுத் தண்ணீருக்கு நோட்டீஸ் கொடுக்கிறவர் மேல் குண்டர் சட்டம் போடுவது சட்டப்படி நிற்காது. ஆனால் நிற்காத வழக்கே மூன்று மாதம் ஆளை உள்ளே வைக்கும் என்று கணியம்பாடி சொல்வதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் வாசகம் ஒவ்வொன்றையும் இவ்வளவு பார்க்கச் சொல்கிறேன்.

கம்பெனி உண்மையில் முதலில் போகும் இடம் பெரும்பாலும் சிவில் கோர்ட். இனிமேல் பேசக்கூடாது என்று எக்ஸ்பார்ட்டி (உங்கள் தரப்பைக் கேட்காமலே) இடைக்காலத் தடை வாங்கப் பார்ப்பார்கள். அதுக்கு முன்னாலேயே கேவியட் போடுங்கள். சிவில் நடைமுறைச் சட்டம் 148ஏ. எதிர்த்தரப்புக்குப் பதிவுத் தபாலில் நகல் அனுப்பணும், 90 நாள் செல்லும், முடிந்தால் திரும்பப் போடணும். கேவியட் இருந்தால் உங்களுக்குச் சொல்லாமல் தடை வாங்க முடியாது. முழு விசாரணைக்கு முன் பத்திரிகைச் செய்திக்குத் தடை போடுவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று 2024 மார்ச்சில் புளூம்பெர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அங்கே காட்டலாம்.

கிரிமினல் அவதூறுப் புகார் வந்தால், புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே உங்கள் தரப்பைக் கேட்கணும். பி.என்.எஸ்.எஸ் 223 கொண்டுவந்த புது வசதி இது. அந்த முதல் வாய்தாவிலேயே லேப் ரிப்போர்ட்டோடு போய் நில்லுங்கள். காலக்கெடு: சிவில் அவதூறுக்கு ஒரு வருஷம், கிரிமினலுக்கு மூன்று வருஷம். ஆவணங்களை அதுவரை பத்திரமாக வையுங்கள்.

#9 பாலாறு நீர்

ஆவணம் என்றதும் சொல்கிறேன். தண்ணீர் எடுக்கும்போது 2 லிட்டர் புது பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிவிட்டுப் பிடிக்கணும். குரோமியம் பார்க்கத் தனிப் பாட்டில், லேபில் கேட்டு அமிலம் சேர்க்கணும். பாட்டில் மேல் தேதி, நேரம், கிணற்றின் இடம், எடுத்தவர் கையெழுத்து, ஊரார் இரண்டு பேர் சாட்சி. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி. ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை. குரோமியம் 0.05 மி.கி.

ரிப்போர்ட்டில் 3000 என்று வந்தால் அந்த எண்ணை மட்டும் போடுங்கள். அது எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் ஆய்வு அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தரணும்.

இன்னொரு ஆயுதம் நம் கையிலேயே இருக்கிறது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு. தோல் கழிவுநீரால் இந்தப் பகுதியில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் பாழானதை அதில் பதிவு செய்திருக்கிறார்கள். தீர்ப்பில் உள்ளதை உள்ளபடி வெளியிட்டால் அவதூறு ஆகாது, 356இன் நான்காவது விதிவிலக்கு.

#10 சத்துவாச்சாரி வக்கீல்

356இன் எட்டாவது விதிவிலக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது. சந்தேகம், கம்பெனி பெயர், யார் மேல் குற்றச்சாட்டு எல்லாம் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுக்கும் மனுவில் போகட்டும். அந்த மனுவை அப்படியே வாட்ஸ்அப்பில் போட்டால் பாதுகாப்பு போய்விடும். “மனு கொடுத்துள்ளோம், எண் இது” என்பதை மட்டும் வெளியே சொல்லுங்கள்.

#11 ஸ்டேஷன் ரைட்டர் (ஓய்வு)

ஆர்ப்பாட்டத்துக்கு: ஒரு வாரம் முன்னாடியே மனு. தேதி, நேரம், இடம், எத்தனை பேர், ஸ்பீக்கர் உண்டா, பொறுப்பாளர் ரெண்டு பேர் போன் நம்பர். கலெக்டர் ஆபீஸ் எல்லை எந்த ஸ்டேஷனோ அங்க. மறுத்தா எழுத்துல குடுங்கன்னு கேளுங்க, அந்த மறுப்பு ஆணை இருந்தாத்தான் உயர் நீதிமன்றத்துல ரிட் சுலபம். வேலூருக்குச் சென்னைதான், மதுரைக் கிளை இல்ல.

கூட்டத்துக்கு அனுமதி வாங்கியே ஆகணும்ங்கிற போலீஸ் சட்டம் 30(2) அமல்ல இருக்குன்னு சொன்னா ஆணை எங்கன்னு கேளுங்க. அனுமதி இல்லாமக் கூடினதா பி.என்.எஸ் 223 (அதிகாரி உத்தரவை மீறுறது) போட்டா, பழைய 188, அதுல போலீஸ் தானா குற்றப் பத்திரிகை போட முடியாது, உத்தரவு போட்ட அதிகாரியோ அவர் மேலதிகாரியோ எழுத்துப் புகார் கோர்ட்ல குடுக்கணும். ஜீவானந்தம் வழக்கு, மதுரைக் கிளை, 2018 செப்டம்பர். இந்த ஒரு பாயிண்ட்லயே ரத்தான வழக்குங்க நிறைய.

ஸ்பீக்கர்: ராத்திரி 10லேர்ந்து காலை 6 வரை கூடாது. பகல்லயும் எழுத்து அனுமதி வேணும். அந்தப் பகுதி அளவுக்கு மேல 10 டெசிபல், இல்லைன்னா 75, எது குறைவோ அது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம். கோர்ட் வளாகமும் சத்துவாச்சாரியிலதான், அளந்துட்டு மைக் வைங்க.

#12 கணியம்பாடி

இன்னொரு விஷயம். சாதி சொல்லித் திட்டிய பதிவுக்கு வழக்கு வந்ததும் பேச்சுரிமை என்று சிலர் கிளம்புகிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(ஆர்), (எஸ்), (யு) பிரிவுகள் பேச்சைத்தான் தண்டிக்கின்றன, அது சரியான தண்டனை. முதல் நோக்கில் வழக்கு இருந்தால் முன்ஜாமீனே கிடையாது. விசாரிக்க டி.எஸ்.பி. வரணும், ராஜி பேசி ஸ்டேஷனில் முடிக்கக் கூடாது. காலனிக் கிணறும் இதே தண்ணீர்தானே, நோட்டீஸில் அந்தத் தெருவின் பெயரையும் போடுங்கள்.

#13 மலட்டாறு

அந்தத் தெருக் கிணற்றிலும் தண்ணீர் எடுக்கச் சொல்லிவிட்டேன், ரிப்போர்ட் வந்துவிட்டது. ஒரு கேள்வி. முதல் வாசகத்தை ஒருத்தர் போன வாரமே குரூப்பில் போட்டுவிட்டார். அழிக்கச் சொல்லலாமா?

#14 காட்பாடி தமிழ்

உடனே அழிக்கச் சொல்லுங்கள். இருக்கும் ஒவ்வொரு நாளும் இன்னும் நாலு பேர் அனுப்புவார்கள்.

#15 சத்துவாச்சாரி வக்கீல்

கொஞ்சம் பொறுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு அழித்தால் ஆதாரத்தை அழித்ததாக பி.என்.எஸ் 241 பேசும். இப்போது நோட்டீஸ் இல்லை, அழிக்கலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் தேதி, நேரம், குரூப் பெயர் தெரிய ஸ்கிரீன்ஷாட். சாட்டை எக்ஸ்போர்ட் செய்து கோப்பாக வைத்து, அதன் ஹாஷ் எண்ணை (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) குறித்துக்கொள்ளுங்கள். புதிய சாட்சியச் சட்டம் 63இன் சான்றிதழில் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். அப்புறம் அதே குரூப்பில் அதே ஆள், “மதத்தையும் தனிமனிதரையும் குறித்து எழுதியது தவறு, திரும்பப் பெறுகிறேன்” என்று எழுதட்டும். அதுக்கப்புறம் அழிக்கட்டும். வருத்தம் சொல்லாமல் சத்தமில்லாமல் அழித்தால், பயந்து அழித்தான் என்பார்கள்.

#16 மலட்டாறு

செய்தாச்சு. புது வாசகம்:

“எங்கள் ஊரில் இரண்டு தெருக் கிணறுகளின் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் சோதித்தது. கரைந்த உப்பு லிட்டருக்கு 3,180 மி.கி., 3,420 மி.கி. குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட மேல் வரம்பு 2,000. இதன் காரணத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்து ஊருக்கு அறிவிக்க வேண்டும். அதுவரை லாரித் தண்ணீர் தர வேண்டும். கலெக்டரிடம் மனு கொடுத்துள்ளோம்.”

கீழே வெளியிடுவோர், அச்சகம்.

#17 அச்சுக்கூடம்

இதை எந்த பிரஸ்லயும் அடிப்பாங்க. மனு எண்ணையும், தண்ணி எடுத்த தேதியையும் சேருங்க, இன்னும் இடம் இருக்கு. டெமி 1/8 (நோட்டீஸ் காகித அளவு)ல எழுத்து 14 பாயிண்டுக்குக் குறையாம வைங்க, வயசானவங்களும் படிக்கணும். ரெண்டு எண்ணையும் தடிச்ச எழுத்துல போடச் சொல்லுங்க.